எங்கள் அண்ணன் தலையில் உருமா கட்டிய ஜெனரல்

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கிற சொந்தபந்தங்களுக்கும், வர மனமில்லாததால் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறப்போகிறவர்களுக்கும் தங்கையின் வணக்கம். பந்தியில் இருப்பவர்கள் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு இதைப் படிக்கவும். முன்கூட்டியே படித்தால் சிலருக்குச் சோறு இறங்காது.

அச்சகத்துத் தம்பி என்னிடம், “டீச்சர், ‘அமைதியே உருவானவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்’னு ஒரு வரி போட்டுருவமா? எல்லாரும் போடுவாக” என்று கேட்டார். “எங்க அண்ணன் அமைதின்னு ஒனக்கு யாருப்பா சொன்னது? அந்த வரிய வேற வீட்டுக்கு வச்சுக்க” என்றேன். பொய் சொல்லாதே என்று முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கூடப்பிறந்தவர் விஷயத்தில் பொய்யை அச்சடிக்க என்னால் ஆகாது. எங்கள் அண்ணன் பிடிவாதக்காரர். பிடித்த பிடியை விடாதவர். அதற்காக ஊர் அவரை ஒதுக்கியது, மகள் கல்யாணம் நின்றது, நானே இரண்டு வருடம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் பிடித்தது சரியான பிடி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மானம் பார்த்த பூமி, மழை பெய்தால்தான் விளைச்சல். அண்ணன் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அதனால் எனக்கு அவர் பாதி அண்ணன், பாதி அப்பா. அவருக்கு இருபது வயது இருக்கும்போது, மழை பொய்த்த ஒரு வருடம், பருத்தி விதை வாங்கி வர அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். விதைப் பையை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டு இவர் லாரியில் ஏறிவிட்டார். அம்மா அழுது புரண்டார். அப்பா மட்டும், “விதப் பை ஒழுங்கா வந்துருச்சுல்ல? போனவனும் வருவான்” என்றாராம். அப்பாவுக்கு அண்ணன் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் மகன் வரும்வரை அவர் இருக்கவில்லை.

பட்டாளத்தில் அண்ணன் டிரைவர் ஆனார். பர்மாச் சண்டையில் ஒரு மேஜருக்கு ஜீப் ஓட்டினார். அந்த மேஜர்தான் பிற்பாடு மேஜர் ஜெனரல் வரை போனவர். அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. அண்ணன் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. “மாமா” என்றுதான் சொல்வார். மாமனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த மாமா இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் ஐந்தாவது பிள்ளை. இருபத்தோரு வயதில் லெப்டினன்டாகக் கப்பலேறி வந்தவர். வடக்கே மலையோரக் காவலில் கேப்டன் ஆனார். அங்கே வெடித்த ஒரு குண்டில் இடது காது போய்விட்டது. அதனால் ஜீப்பில் அண்ணன் பேசுவது அவருக்குக் கேட்காது, கேட்கவில்லை என்றால் இவர் கத்துவார், அவர் திரும்பக் கத்துவார். இருவரும் பேசியது பட்டாளத்து இந்துஸ்தானி. அதிலும் பாதிக்கு மேல் வசவு என்று அண்ணனே சொல்வார்.

எங்கள் அப்பா காலமான செய்தி அண்ணனுக்குப் போய்ச் சேர இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. தந்தியைப் படித்துச் சொன்னது பட்டாளத்துச் சமையல்காரர், மதுரைப் பக்கத்துக்காரர். அன்றைக்கு ஐராவதி ஆற்றங்கரையில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. புறப்படவேண்டிய நேரம். முன்னால் நிற்கிற ஜீப் அண்ணனுடையது. அவர் கிளம்பினால்தான் பின்னால் உள்ளவை நகரும். அண்ணன் இறங்கினார். சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். “எங்க அப்பா காரியம் முடியாம இந்த வண்டி நகராது” என்றார்.

சண்டை நடக்கிற இடத்தில் இப்படிச் சொன்னவனைச் சுடவும் சட்டம் உண்டு. அண்ணனுக்கு அது தெரியும்.  மேஜர் கடிகாரத்தைப் பார்த்து, “ஒரு மணி நேரம். ஒரு நிமிஷம் கூடினாலும் நானே வண்டியை எடுப்பேன்” என்றார். “சாவி என்கிட்ட இருக்கு சாப்” என்று அண்ணன் அப்போதும் வாயை மூடவில்லை.

பட்டாளத்து நாவிதர் மொட்டையடித்தார். சமையல்காரர் ரேஷன் அரிசியில் சோறு வடித்தார். எள்ளுக்கு எங்கே போவது? அக்கரையிலிருந்து படகில் வந்த பர்மாக்காரப் பெண்மணி மடியிலிருந்து ஒரு கை எள் அள்ளிக் கொடுத்தாராம். பிண்டம் வைத்து, ஆற்றில் கரைத்து, குளித்து எழுந்தாயிற்று. அப்போதுதான் சமையல்காரர், “உருமா கட்டணுமே தம்பி. மாமன் முறைக்கு இங்க யாரு இருக்கா?” என்று தலையில் கை வைத்தார்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் தகப்பன் இறந்து கருமாதி முடிந்ததும், காரியம் செய்த மூத்த பிள்ளையின் தலையில் தாய்மாமன் வீட்டார் ஒரு துணியைக் கட்டுவார்கள். அதுதான் உருமா. அதைக் கட்டிய பிறகுதான் அந்தப் பிள்ளை குடும்பத்துக்குத் தலைவன். கட்டுகிற உரிமை மாமன் முறைக்காரர்களுக்கு மட்டுமே. பங்காளி முறையுள்ளவன் கட்டக்கூடாது. அந்தச் சமையல்காரரை அண்ணன் நாள்தோறும் “அண்ணே” என்று கூப்பிட்டுப் பழகியிருந்தார். அண்ணன் முறை பங்காளி முறை அல்லவா? அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்நிய தேசத்தில், குண்டு விழுகிற இடத்தில் நின்றுகொண்டு முறை பார்த்த புண்ணியவான்.

ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று மேஜர் கேட்டார். தலையில் துணி கட்டவேண்டும், அம்மா வழியில் ஒரு பெரியவர் கட்டவேண்டும், ஆள் இல்லை என்று சொன்னார்கள். மனிதர் கழுத்தில் சுற்றியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்தார். அண்ணனை உட்காரச் சொன்னார். கட்டினார். எப்படி? தலையில் காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்! அவருக்குத் தெரிந்த தலைக்கட்டு அதுதான். அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார், கண்ணில் தண்ணீரும் வரும்.

கட்டியதன் பொருள் அவருக்குத் தெரியாது. சில நாள் கழித்து அண்ணன்தான், “நீங்க இப்ப எனக்கு மாமா” என்று விளங்கச் சொல்லியிருக்கிறார். “அப்படியென்றால் நான் சொல்வதை நீ கேட்கவேண்டும்” என்றாராம் மேஜர். “மாமன் சொன்னா மருமகன் கேக்கணும்னு எங்க ஊர்ல இல்ல. மருமகன் கேட்டா மாமன் குடுக்கணும். அதான் வழக்கம்” என்றாராம் அண்ணன்.

சண்டை முடிந்து ஊருக்கு வந்தார். பந்தல்குடியிலிருந்து எங்கள் தாய்மாமன் புதுத்துணியோடு வந்தார். நடந்ததைச் சொன்னதும் அவருக்கு முகம் செத்துவிட்டது. “எங்க வீட்டு உரிமைய வெள்ளக்காரன் கட்டுனானா? அது கட்டே இல்ல. உக்காரு, நான் கட்டுறேன்” என்றார். அண்ணன் உட்காரவில்லை. “ஒரு அப்பனுக்கு ஒரு தடவதான் கட்டலாம் மாமா. கட்டியாச்சு” என்றார். தாய்மாமன் துணியை மடித்துக்கொண்டு வந்த வழியே போனார். அவர் கோபத்தில் தவறு இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்கா புருஷன் காரியத்துக்குக் கட்டவேண்டிய கை அவருடையது. அன்றைக்கு அறுந்தது பந்தல்குடியோடு எங்கள் போக்குவரத்து. கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

ஊரில் பங்காளிகள் மட்டும் அண்ணனைத் தலைவீட்டுக்காரராகவே ஏற்றுக்கொண்டார்கள். குலசாமி கோயிலில் பங்குனிப் பொங்கலன்று முதல் திருநீறு அவருக்குத்தான். அருப்புக்கோட்டைக்கும் வீரசோழனுக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் அவர் டிரைவர். வீரசோழன் சந்தைக்குப் போகிற சனம், “வெள்ளக்காரன் மருமகன் பஸ்ஸு வந்துருச்சா?” என்று கேட்டுத்தான் ஏறும். பஸ்ஸை நிறுத்தி டீக்குடிக்கப் போனாலும் சாவி இடுப்பில்தான் இருக்கும். அந்தப் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

வருடத்துக்கு ஒரு கடிதம் இங்கிலாந்திலிருந்து வரும். வாசிப்பதும் பதில் எழுதுவதும் என் வேலை. என் இங்கிலீஷ் வளர்ந்ததே அந்தக் கடிதங்களால்தான். மாமா லெப்டினன்ட் கர்னல் ஆனது, ஜெர்மனிக்குப் போனது, மலேயாவுக்குப் போனது, பிரிகேடியர் ஆனது எல்லாம் எங்கள் ஊர் டீக்கடைக்கு உடனுக்குடன் தெரிந்துவிடும். “நம்ம மாமாவுக்கு பிரமோசன்” என்று அண்ணன் அங்கிருக்கிறவர்களுக்கெல்லாம் டீ சொல்வார். “ஏலே, ஒங்க மாமன்கிட்டச் சொல்லி ஒரு பீரங்கி வாங்கியாயேன், காட்டுப்பன்னி விரட்டலாம்” என்று கேலி செய்வார்கள். டீயை மட்டும் ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. பிள்ளைகளுக்குச் சுதந்திரப் போராட்டத்தைப் பாடமாக நடத்தியவள் நான். அந்த மனிதர் நம்மை ஆண்ட பட்டாளத்தின் ஆள், அதற்காகவே சம்பளம் வாங்கியவர். மலேயாவில் அவர் இருந்தபோது, அண்ணன் சொல்லாத ஒரு வரியை நானாகவே, என் பெயரில், கடிதத்தில் சேர்த்தேன்: “அங்கே நீங்கள் எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” அடுத்த வருடம் பதில் வந்தது. “உன் தங்கை கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை” என்று ஒரே வரி. அண்ணன் என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். “கேக்க வேண்டியதத்தான கேட்டுருக்க” என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் டீக்கடையில் ஒருவன், “ஜெனரலாவது ஒன்னாவது, எல்லாம் இந்த ஆளு கட்டுன கத” என்று சொல்லிவிட்டான். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “மாமாவ அவுக உத்தியோகத்த வரிசையா எழுதி அனுப்பச் சொல்லும்மா. டீக்கடச் செவுத்துல ஒட்டுறேன்” என்றார். எழுதினேன். வந்தது. ஒரே தாள், தட்டச்சு செய்தது. எந்தப் பதவி, எந்த ஊர் என்று வரிசையாக, கடைசியில் மேஜர் ஜெனரல், ஓய்வு. மேஜருக்கும் அடுத்த பதவிக்கும் நடுவில் ஒரு நீண்ட இடைவெளி. அந்த ஓரத்தில் பேனாவால் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“இந்த இடைவெளி ஏன் என்று நீ கேட்பாய். ஆற்றங்கரையில் நாம் நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். வண்டி பழுது என்று எழுதிவிடு, பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார்கள் நண்பர்கள். வண்டி பழுதாகவில்லை. நீ அதை நன்றாக வைத்திருந்தாய். என் ஓட்டுநர் தன் தந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்தார், நான்தான் அனுமதித்தேன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு மூன்று வருடம் என் பெயர் எந்தப் பதவி உயர்வுப் பட்டியலிலும் வரவில்லை.”

முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அவர் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நான் வாசித்து முடித்தேன். அண்ணன், “வண்டி ரிப்பேருன்னு எழுதியிருந்தா எனக்குல்ல கேவலம்” என்றார். தாளை வாங்கி மடித்தார். பச்சைத்துணி இருந்த தகரப்பெட்டியில் வைத்தார். டீக்கடைச் சுவருக்கு அது போகவே இல்லை.

இந்த இடத்தில் தனலட்சுமியைச் சொல்லவேண்டும். அண்ணனுக்கும் மதினிக்கும் பிந்திப் பிறந்த ஒரே மகள். மதினிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அவரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். பந்தல்குடியில் தாய்மாமனும் காலமாகி, அவர் மகன், அதாவது எங்கள் மச்சான், பழையதை மறந்துவிடலாம் என்று தன் மகனுக்குத் தனலட்சுமியைப் பெண் கேட்டு வந்தார். எங்களுக்கெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். அம்மா பிறந்த வீட்டோடு மறுபடி உறவு. பரிசம் போட்டாயிற்று. சித்திரையில் கல்யாணம் என்று பேச்சு.

தை மாதம் இங்கிலாந்திலிருந்து வேறு ஒரு கையெழுத்தில் கடிதம் வந்தது. மாமாவின் பக்கத்து வீட்டு அம்மாள் எழுதியிருந்தார். ஜெனரல் இறந்துவிட்டார். மனைவி முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. மேசையில் இந்த முகவரி இருந்ததால் தெரிவிக்கிறேன் என்று இருந்தது. அண்ணன் கேட்டார். சட்டையை மாட்டினார். “திருச்சுழிக்குப் போயிட்டு வாரேன்” என்றார். எங்கள் பக்கத்தில் காரியம் செய்யப் போகிற ஊர் அது, எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்ணே, கல்யாணம் பேசியிருக்கு” என்றேன். “மகன் இல்லாத மாமனுக்கு மருமகன் செய்யாம வேற எவன் செய்வான்?” என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

திருச்சுழி ஆற்றுக்குள் மொட்டையடித்து எள்ளுந்தண்ணீரும் இறைத்தார். உடன் போனது ஒரே ஆள், வீரசோழனில் பயறு வியாபாரம் பார்த்த பாய். பஸ் பழக்கத்தில் வந்த சிநேகிதம். நாவிதர், யாருக்குக் காரியம் என்று கேட்டிருக்கிறார். “எங்க மாமா. மேஜர் ஜெனரல்” என்றாராம் அண்ணன். நாவிதர் பாயைப் பார்க்க, பாய், “ஆமாய்யா, மெய்தான். நீ வேலயப் பாரு” என்றாராம்.

மொட்டைத் தலையோடு அவர் வந்து இறங்கியதுதான் தாமதம், பந்தல்குடி மச்சான் மறுநாளே வந்துவிட்டார். உட்காரக்கூட இல்லை. “எங்க அய்யா செத்தப்ப நீரு வாசலோட வந்துட்டுப் போனீரு. வெள்ளக்காரனுக்கு மொட்டையா? அப்ப அவன்தான் ஒமக்கு மாமன், எங்க அய்யா யாரோ ஒருத்தரா?” என்று கேட்டார். பங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பங்குனிப் பொங்கலன்று குலசாமி முன்னால் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்: பர்மாவில் கட்டியது கட்டு இல்லை என்று. அங்கேயே மச்சான் புது உருமா கட்டுவார். சித்திரையில் கல்யாணம் நடக்கும். சொல்லாவிட்டால் கல்யாணமும் இல்லை, தகப்பன் காரியம் முடிக்காதவனுக்குக் கோயிலில் முதல் திருநீறும் இல்லை.

எல்லோரையும் விட அண்ணனை அதிகமாக நச்சரித்தவள் நான்தான். இதை அச்சில் ஒப்புக்கொள்கிறேன். “ஒரு வார்த்ததானண்ணே. பிள்ள வாழ்க்கைக்காகச் சொல்லிட்டு வந்துரு. சாமி மன்னிச்சுக்கும்” என்றேன்.

“சாமி மன்னிக்கும்மா. அப்பா?” என்றார்.

பங்குனிப் பொங்கலன்று உச்சிவெயிலில் கோயில் முன்னால் சனம் நிற்க இடமில்லை. மச்சான் புதுத்துணியைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் முன்னால் வந்தார். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. அவர் பேசியதை எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் அப்படியே எழுதுகிறேன்.

“எங்க அப்பாவுக்குக் காரியம் நடந்துச்சு. உருமா கட்டியாச்சு. கட்டுனவரு வெள்ளக்காரரு, நான் யாருகிட்டயும் மறைக்கல. இன்னொரு தடவ கட்டிக்கிட்டா மொதல்ல கட்டுனது பொய்யாப் போகும், எங்க அப்பா காரியம் பொய்யாப் போகும். ஒரு பொய்ய எழுதுனா ஒசந்துறலாம்னு சொன்னப்ப, எழுத மாட்டேன்னு நின்ன மனுசன் அவரு. அதே பொய்ய நான் சாமி முன்னால சொல்லி மகளக் கட்டிக் குடுக்கவா? மாட்டேன். மச்சான், ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. துணிய மடிச்சு வைங்க.”

யாரோ, “பிள்ளயக் கேளுங்கப்பா, அது என்ன சொல்லுது?” என்று சத்தம் போட்டார்கள். தனலட்சுமிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அழுதுகொண்டுதான் இருந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு, “அப்பா சொல்லிட்டாகள்ல? பெறகு என்னையவும் தனியாக் கேக்கணுமாக்கும்” என்றாள். அவ்வளவுதான். தட்டு திரும்பிப் போயிற்று.

அன்றைக்குத் திருநீற்றுத் தட்டு அண்ணனைத் தாண்டி அடுத்த வீட்டுக்காரரிடம் போனது. அண்ணன் நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. தட்டு ஒரு சுற்று முடிந்து உள்ளே போகும்வரை அப்படியே நின்றார். பிறகு குனிந்து கோயில் மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு நடந்தார். அடுத்த வருடமும் போனார், அதே இடத்தில் நின்றார், கையை நீட்டினார், தட்டு தாண்டியது, மண்ணை எடுத்துப் பூசினார். ஒன்பது பங்குனி. ஒரு வருடம்கூடத் தவறவில்லை. கடைசி இரண்டு வருடம் குனிய முடியாமல் தனலட்சுமிதான் மண்ணை எடுத்துக் கொடுத்தாள். பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் இதைப் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

கல்யாணம் நின்ற கோபத்தில் இரண்டு வருடம் நான் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் நின்றேன். பக்கத்தில் வந்து நின்றார். “பேசாட்டிப் போ. கடுதாசிய மட்டும் வாசிச்சுச் சொல்லு” என்று ஒரு கவரை நீட்டினார். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள்தான். ஜெனரலின் கல்லறையில் புல் வளர்ந்துவிட்டது, வெட்டிவிட்டேன், உங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று தோன்றியது என்று எழுதியிருந்தார். வாசிக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எந்த ஊரோ, யாரோ ஒரு பெண், எங்கள் அண்ணனை ஜெனரலின் உறவு என்று மதித்து எழுதுகிறாள். கூடப்பிறந்த நான் வீம்பு பிடித்துக்கொண்டு நிற்கிறேன். “வாண்ணே, வீட்டுக்குப் போவோம்” என்றேன்.

தனலட்சுமி அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு உடன் வேலைபார்த்த ஒரு நல்லவரை மணந்துகொண்டாள். அண்ணன் அந்த வீட்டில்தான் கடைசி நாட்களைக் கழித்தார். சர்க்கரையும் இருதயமும் சேர்ந்து அவரைப் படுக்கையில் போட்டன. நினைவு தப்பிய நேரங்களில் கை இடுப்பைத் தடவும். சாவியைத் தேடுகிறார் என்று தெரிந்து, வீட்டுச் சாவியை அங்கே செருகி வைத்தோம். அந்தச் சாவியோடுதான் போனார்.

போன அன்று பங்காளிகள் வந்தார்கள். மகன் இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைக்கவேண்டும் என்றார்கள். “ஒம்பது வருசம் திருநீறு குடுக்காத கை எங்க அண்ணனுக்குக் கொள்ளியும் வைக்க வேணாம். மக இருக்கா” என்றேன். தனலட்சுமிதான் வைத்தாள். சிலர் பாதி வழியில் திரும்பிப் போனார்கள்.

பதினாறாம் நாள் கண்மாய்க்கரையில் காரியம். பந்தல்குடி மச்சான் கையில் புதுத்துணியோடு வந்து இறங்கினார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குளித்து ஈரச்சேலையோடு மனையில் உட்கார்ந்திருந்த தனலட்சுமியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“மாமன் முறைக்கு நீங்கதான் மச்சான். உரிமைக்காக அம்புட்டு வருசம் சண்ட போட்டீக. இந்தா தல இருக்கு. கட்டுங்க” என்றேன்.

“பொம்பளப் பிள்ள தலையில எப்படித்தா… வழக்கம் இல்லையே” என்றார்.  எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஐயரும் சனமும் என்னையே பார்த்தார்கள்.

நான் தகரப்பெட்டியைத் திறந்தேன். ஐம்பது வருடத்துப் பச்சைத்துணி. சாயம் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. அத்தை வீடும் மாமன் முறைதான். என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் அவர் கட்டியிருப்பார். அவர் இல்லை, நான் இருக்கிறேன். தனலட்சுமி தலையில் துணியைச் சுற்றினேன். அண்ணன் எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருந்தபடியே, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டேன். “அத்த, வாயத் தெறக்க முடியல” என்று அவள் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். “ஒங்க அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சாம்” என்றேன்.

எங்கள் வீட்டுக்கு இப்போது தலை தனலட்சுமி.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அண்ணனைத் தூக்கியும் துடைத்தும் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு. ஆற்றில் அன்று துணைக்கு நின்றதோடு, கடைசிவரை வாரம் தவறாமல் வந்து பார்த்த வீரசோழன் பாய்க்கு. புல் வெட்டிய அந்த அம்மாளுக்கு, அவருக்கும் ஒரு மலர் அனுப்புகிறோம், படிக்கத் தெரியாவிட்டாலும் படத்தைப் பார்க்கட்டும். பந்தல்குடி மச்சானுக்கு. அவர் கட்டவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். பாதி வழியில் திரும்பியவர்களுக்கும் நன்றி, மற்றவர்களுக்கு நிழலில் இடம் கிடைத்தது. ஒரு மணி நேரம் கொடுத்து, அதற்கு மூன்று வருடம் இழந்து, அதை முப்பத்தைந்து வருடம் சொல்லாமல் இருந்த எங்கள் ஜெனரல் மாமாவுக்கு.

பங்காளிகளுக்கு ஒரு தகவல். வருகிற பங்குனிப் பொங்கலன்று தனலட்சுமி கோயிலுக்கு வருகிறாள். அவள் அப்பா நின்ற இடத்தில் நிற்பாள், கையை நீட்டுவாள். பக்கத்தில் நான் நிற்பேன். தட்டு முதலில் யாரிடம் வரவேண்டும் என்பதை இப்போதே கூடிப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் நாங்கள் அடுத்த பங்குனிக்கு வருவோம், அதற்கடுத்த பங்குனிக்கும் வருவோம். கோயில் மண் ஒன்றும் தீர்ந்துபோய்விடவில்லை.